ஔவையார் கிடைக்காத தேடல் பெட்டி

கேள்வி: "தமிழ்வழியில் படித்து, பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறேன். எட்டு மாதமாக ரியாக்ட் கற்கிறேன். அதற்குள் வேறு ஏதோ வந்துவிட்டது என்கிறார்கள். இப்போது ஏஐயே கோடு எழுதிவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். எதைக் கற்றால் வீண்போகாது?"

ரியாக்ட் போன்ற ஒரு ஃபிரேம்வொர்க்கின் (தளம் கட்டப் பயன்படும் ஆயத்தக் கட்டமைப்பின்) பெயரைச் சொல்லி இதற்குப் பதில் தந்துவிடலாம். ஆனால் அந்தப் பதில் நான்கைந்து வருடம் தாங்கினால் பெரிது. அதனால் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஒரு பக்-கை, அதாவது நிரலில் வந்த ஒரு பிழையைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய நேர்மையான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

2012. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஒரு சிறிய பதிப்பகத்துக்குப் புத்தகப் பட்டியல் தளம் செய்துகொடுத்தோம். பின்னால் சர்வரில் பிஎச்பி நிரலும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும், முன்னால் பிரவுசரில் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு. அன்றைக்கு எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் எல்லாம் அப்படித்தான் செய்தன. சுமார் 600 தலைப்புகள். பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த பட்டியலை ஒரு கன்வெர்ட்டர் வழியாக யூனிகோடுக்கு, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுத் தரத்துக்கு, மாற்றி ஏற்றியிருந்தோம். தளத்தை ஒப்படைத்த வாரமே பதிப்பாளர் கூப்பிட்டார்.

"தம்பி, ஔவையார்னு போட்டா ஒண்ணுமே வரலையே. புத்தகம் என் மேசை மேலதான் இருக்கு."

நானும் அடித்துப் பார்த்தேன், வரவில்லை. ஆனால் பட்டியலை உருட்டிக்கொண்டே போனால் அந்தத் தலைப்பு கண்ணெதிரே இருக்கிறது. அந்தத் தலைப்பையே காப்பி செய்து தேடல் பெட்டியில் ஒட்டினால் புத்தகம் வருகிறது. கையால் அடித்தால் வருவதில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன.

முதல் இரவு ஜேக்வெரி பிளகினைச் சந்தேகப்பட்டு வேறு பதிப்பு போட்டேன். இரண்டாம் இரவு டேட்டாபேஸ் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். இரண்டிலும் பலன் இல்லை. ஏன் மாற்றுகிறேன் என்று தெரியாமலே மாற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் இரவுதான், திரையில் தெரியும் எழுத்தை விட்டுவிட்டு, அதற்குக் கீழே கணினி சேமித்து வைத்திருக்கும் எண்களை, அதாவது பைட்டுகளை, அச்சிட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நான் அடித்த சொல்லின் முதல் எழுத்து 3 பைட். டேட்டாபேஸில் இருந்த சொல்லில் அதே இடத்தில் 6 பைட். அதாவது அங்கே இருந்தது ஔ இல்லை. 'ஒ' என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் 'ள' என்ற எழுத்தும் நின்றுகொண்டிருந்தன. ஔவையார், ஒளவையார். இந்த இரண்டு சொல்லையும் கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம், கணினிக்கோ இரண்டும் அறவே வேறு.

காரணம் பழைய எழுத்துருக்களின் காலத்தில் இருக்கிறது. தட்டச்சுப்பொறியின் வழக்கத்தில் வந்த அந்த எழுத்துருக்களுக்கு 'ள' என்பது ஒரு வடிவம், அவ்வளவுதான். ளகரத்துக்கும் அதே வடிவம், ஔகாரத்தின் பின்பாதிக்கும் அதே வடிவம். தாளில் அச்சாகி வந்தால் போதும் என்ற காலத்துக்கு அது சரியாக இருந்தது. தேடல் என்று ஒன்று வந்ததும் உடைந்தது.

ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அடுத்தது வரும். ஔவையாரைக் கண்டுபிடித்த கையோடு, 'கோவலன்' என்று தேடினால் இருக்க வேண்டிய புத்தகங்களில் பாதிதான் வருகின்றன என்று தெரிந்தது. யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். இல்லாவிட்டால் இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து வைக்கலாம். முதல் வகை 6 பைட், இரண்டாவது 9 பைட். எங்கள் கன்வெர்ட்டர் சில இடங்களில் இப்படியும் சில இடங்களில் அப்படியும் செய்திருந்தது. ஆனால் இந்த இரண்டும் சமம் என்று யூனிகோடே ஒப்புக்கொள்கிறது, சமன்படுத்தும் விதியும் வைத்திருக்கிறது. பிஎச்பியில் அதற்கு நார்மலைசர் என்ற வசதி அப்போதே இருந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2015 பதிப்பில் 'நார்மலைஸ்' வந்தது. ஓர் இரவு பிஎச்பியின் நார்மலைசரை ஓடவிட்டேன். கோவலன் முழுதாகக் கிடைத்தார்.

அதே மகிழ்ச்சியில் ஔகாரத்துக்கும் அதே மருந்தைக் கொடுத்தேன். கேட்கவில்லை. 'ள' ஒரு முழு எழுத்து. அதைக் குறி என்று எந்த விதியும் ஏற்காது. சரி, நானே 'ஒள' வரும் இடமெல்லாம் 'ஔ' என்று மாற்றிவிடுகிறேன் என்று ஒரே வரியில் கோடு எழுதினேன். ஔவையார் வந்தார், 'ஒளி' உடைந்தது. தலைப்பில் 'ஒளி' இருந்த புத்தகங்களில் எல்லாம் ஔகாரத்தின் தலையில் இகரக் கொக்கி ஆதரவில்லாமல் தொங்கியது. 'கெளரி'யைத் திருத்தப் போட்ட வரி 'கெளுத்தி' மீனைக் கெடுத்தது. பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம், தொடக்கூடாது. வெறுமனே நின்றால் ஔகாரத்தின் பாதியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த விதி பெரும்பாலானவற்றைச் சரிசெய்தது. மிச்சத்தைப் பதிப்பகத்தில் மெய்ப்பு பார்க்கும் ஐயா பட்டியலை அச்செடுத்து வரி வரியாகப் பார்த்துத் திருத்தித் தந்தார்.

அந்த ஐயாதான் இன்னொன்றையும் காட்டினார். "ஆசிரியர் பேரெல்லாம் அகரவரிசையில இல்லையே தம்பி" என்றார். கம்ப்யூட்டர் அடுக்கியது தப்பாக இருக்காது என்று நான் சொன்னேன். அவர் வாதிடவில்லை. மேசையிலிருந்த அகராதியை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் தளத்தின் வரிசை: கனிமொழி, கமலா, கற்பகம், கலா, கவிதா. அகராதியின் வரிசைப்படி அது இப்படி இருந்திருக்க வேண்டும்: கமலா, கலா, கவிதா, கற்பகம், கனிமொழி. தமிழ் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன நான்கும் வகரத்துக்குப் பின்னால் வருபவை, னகரம்தான் கடைசி. எழுத்து அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகிறது என்பது தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே இருக்கிற செய்தி. யூனிகோடின் எண் வரிசையிலோ நகரத்தை ஒட்டி னகரமும், ரகரத்தை ஒட்டி றகரமும், ளகரத்தை ஒட்டி ழகரமும் இருக்கின்றன. இந்திய எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் அடக்கிய இஸ்கி என்ற பழைய தரத்திலிருந்து வந்த அடுக்கு அது. எண்ணைப் பார்த்து அடுக்கினால் தமிழ் வரிசை வராது. அன்று எழுத்துக்கு எழுத்து எண் கொடுத்து நானே ஒரு பட்டியல் எழுதினேன். இன்று பிரவுசரிலேயே தமிழ்மொழிக்கான கொலேட்டர் (அகரவரிசைப்படி அடுக்கும் வசதி) இருக்கிறது, ஒரு வரியில் முடிகிறது. ஆனால் அந்த ஒரு வரி தேவை என்று தெரிவதற்கு எனக்கு ஓர் அகராதியும் அதைத் திருப்பி வைத்த ஒரு கையும் வேண்டியிருந்தன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தளத்துக்காக நான் எழுதிய ஜேக்வெரி கோடு ஒரு வரிகூட இன்று ஓடவில்லை. பைட்டை அச்சிட்டுப் பார்க்கக் கற்றது மட்டும் இன்றுவரை சோறு போடுகிறது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு தளத்தில் வாசகர்கள் எழுதும் கருத்துகள் பாதியில் வெட்டுப்பட்டன. இமோஜி வந்த இடத்திலிருந்து அதற்குப் பின்னால் எழுதிய எதுவும் இல்லை. தமிழ் எழுத்துக்கு 3 பைட், இமோஜிக்கு 4 பைட். மைஎஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று பெயர் வைத்திருந்த அமைப்பு 3 பைட் வரைதான் தாங்கும், நான்குக்கு வேறொரு அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஔவையாருக்கு மூன்று இரவு ஆனது, இதற்குப் பத்து நிமிடம். அப்புறம் ஒரு பள்ளி, பெற்றோருக்குத் தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் கட்டணம் வருகிறது என்று கேட்டது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் வந்தால் அது 70 ஆகிவிடும். அதிலும் 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் ஐந்து இடத்தைப் பிடிக்கும், ஏனென்றால் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம். செய்தியைச் சுருக்கி 70-க்குள் எழுதச் சொன்னேன். ஒரு வரி கோடுகூட மாறவில்லை.

மேலே இருப்பது மாறும் வேகத்தைப் பாருங்கள். ஜேக்வெரி 2006-இல் வந்தது. பிரவுசருக்கு பிரவுசர் வேறுவிதமாக நடந்துகொண்ட காலத்தில் அது எங்களைக் காப்பாற்றியது. பிரவுசர்கள் ஒத்துப்போகத் தொடங்கியதும் அதன் தேவை குறைந்தது. 2010-இல் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ். அதை நான் முழு வருடம் செலவழித்துக் கற்றேன். 2021 இறுதியோடு அதற்கான ஆதரவே முடிந்துபோனது. 2013-இல் ஃபேஸ்புக் ரியாக்டை வெளியிட்டது, 2014-இல் வியூ. இந்த எல்லாவற்றுக்கும் கீழே பக்கத்தைக் கொண்டுவரும் எச்டிடிபி இருக்கிறது, பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் இருக்கிறது, எழுத்தைப் பைட்டாக்கும் முறை இருக்கிறது. செர்ன் ஆய்வகத்தில், வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ வைத்த முதல் வலைப்பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. அது வெளியுலகுக்குத் தெரிந்த 1991-ஆம் ஆண்டில்தான் யூனிகோடின் முதல் பதிப்பும், தமிழையும் உள்ளடக்கி, வந்தது.

இதைச் சொன்னதும் பலர் "அப்படியானால் ரியாக்டை விட்டுவிட்டு அடிப்படையைப் படிக்கட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். வேலை கிடைக்க ரியாக்ட் வேண்டும். அடிப்படையை மட்டும் புத்தகமாக எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை. நான் செய்வது வேறு. வேலையில் ஏதாவது உடையும்போது, அது சரியான பிறகும் எழுந்துபோகாமல், இன்னும் ஒரே ஒரு படி கீழே இறங்கி ஏன் உடைந்தது என்று பார்ப்பேன். ஒரு படி போதும். ரியாக்டில் ஒரு பட்டியல் தப்பாகப் புதுப்பிக்கப்படுகிறதா? ஒவ்வொரு வரிக்கும் 'கீ' என்ற தனி அடையாளம் கொடுத்தால் சரியாகிறது என்று ஒரு பதில் கிடைக்கும், சரியாகியும் விடும். அங்கே நிற்காமல், கீ இல்லாதபோது அது பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் எதை வைத்து ஒப்பிட்டது என்று பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் உங்களிடமே தங்கும். வியூவுக்குப் போனாலும் அது கூட வரும்.

இறங்கிப் பார்க்க ஒரு நல்ல வழி, சின்ன விஷயங்களைக் கையால் எழுதிப் பார்ப்பது. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரிப் பேக்கேஜை அதை எழுதியவர், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான என்பிஎம்-இலிருந்து எடுத்துவிட்டார். உலகெங்கும் எத்தனையோ புராஜெக்டுகளின் பில்டு நின்றுபோனது. ஒரு சொல்லின் இடதுபுறத்தில் இடைவெளி சேர்த்து வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. அதை நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு அதில் தமிழ்ச் சொற்களைக் கொடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடுங்கள், வரிசை கோணும். நீளம் என்று நாம் சொல்வது எதை, பைட்டையா, குறிகளையா, எழுத்தையா, திரையில் பிடிக்கும் அகலத்தையா என்ற கேள்வி அப்போது தானாக எழும். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்வியை இத்தனை தெளிவாக எழுப்பும் பாடப்புத்தகம் கிடையாது.

தமிழ்வழியில் படித்ததாக, தயக்கத்தோடு சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிதான். முதல் வருடத்தில் எர்ரர் மெசேஜ் வந்தால் படிக்காமலே மூடிவிடுவேன், ஆங்கிலத்தில் இருக்கிறதே என்ற பயம். பிறகு ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கத்தில் மெசேஜை அப்படியே எழுதுவேன், வலது பக்கத்தில் அது என்ன சொல்கிறது என்று தமிழில் என் சொந்த வார்த்தையில் எழுதுவேன். நாற்பது பக்கம் போவதற்குள் ஒன்று புரிந்தது. ஒரே பத்துப் பதினைந்து வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆவணங்களைப் படிக்கும் அளவு ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் யோசிப்பதைத் தமிழில் யோசிக்கலாம். தமிழில் எழுதிப் பார்க்கும்போது புரியாத இடம் உடனே தெரிந்துவிடும். ஆங்கிலச் சொல்லை அப்படியே சொல்லிக் கடந்துபோகும்போது, புரியாததும் புரிந்ததுபோலவே இருக்கும்.

தமிழ் தெரிந்திருப்பது இந்த வேலையில் நேரடியான பலமும்கூட. பெயருக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் செல்லும் என்று விதி வைத்த படிவங்களை எத்தனை பார்த்திருப்பீர்கள்? குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்டு, இனிஷியல் மட்டும் உள்ள நம்மை நிறுத்தி வைக்கும் படிவங்களை? அதை எழுதியவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எழுத்து என்றால் என்ன, பெயர் என்றால் என்ன என்பதில் அவர்களுக்கு ஒரே ஒரு அனுபவம்தான் இருந்தது. தமிழ் எழுத்துகளையும் ஏற்கும்படி அந்த விதியைத் திருத்துபவர்கள்கூட முதல் தடவை உயிர்க்குறியையும் புள்ளியையும் மறந்துவிடுவார்கள், ஏனென்றால் யூனிகோடின் கணக்கில் அவை எழுத்து என்ற வகையில் சேராது, குறி என்ற தனி வகை. 'கமல' செல்லும், 'கமலா' செல்லாது என்று படிவம் சொல்லும். உங்கள் பெயரை அடித்துப் பார்த்தாலே அந்தப் பிழை உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

ஏஐ பற்றி. நான் தினமும் பயன்படுத்துகிறேன், வேகம் உண்மைதான், நான் ஒரு மணி நேரத்தில் அடிப்பதை ஒரு நிமிடத்தில் தருகிறது. பெயர்ப் பட்டியலை அடுக்கு என்றால் அடுக்கித் தரும். கமலா முன்னால் வரவேண்டுமா, கனிமொழியா என்பதை யாராவது கேட்டால்தான் அது தெரியவரும். கேட்டுவிட்டால் திருத்தியும் தந்துவிடும். கேட்பதற்கு அகராதியின் வரிசை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தரும் கோடு ஓடுகிறதே என்று படிக்காமல் ஒட்டுவது, நான் முதல் இரண்டு இரவு செய்த வேலையேதான். ஏஐயையும் ஒரு படி கீழே இறங்கிப் பார்க்கலாம். மொழி மாடல்கள் வாக்கியத்தை டோக்கன் என்ற துண்டுகளாக வெட்டிக்கொண்டுதான் படிக்கின்றன. பலவற்றில் அந்த வெட்டு பைட்டுகளிலிருந்து தொடங்குகிறது. ஆங்கில எழுத்து 1 பைட், தமிழ் எழுத்துக்கோ ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆகவே ஒரே செய்தியைத் தமிழில் சொன்னால் டோக்கன் அதிகமாகிறது, டோக்கனுக்குக் கட்டணம் என்னும்போது செலவும் கூடுகிறது. ஒரு வாடிக்கையாளர் போன வருடம் இதைக் கேட்டபோது, 2012-இல் அச்சிட்ட அதே பைட்டுகளைத்தான் மறுபடியும் எடுத்துக் காட்டினேன்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், இன்றிரவே செய்யலாம். பிரவுசரைத் திறந்து எஃப்12 அழுத்தி, கன்சோலில் 'தமிழ்' என்ற சொல்லின் 'லெங்த்' கேளுங்கள். 5 என்று சொல்லும். பிறகு அதை ஸ்பிளிட் செய்து, ரிவர்ஸ் செய்து, ஜாயின் செய்யுங்கள். பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் சொல்லித்தரும் முறை அது. மகரத்தின் இகரக் குறி ழகரத்துக்குப் போய்விட்டிருக்கும், புள்ளி ஆளில்லாமல் முதலில் நிற்கும். அடுத்து, தமிழ்ச் சொல்லில் எத்தனை எழுத்து என்று சரியாக எண்ணும் ஒரு ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள். 'இண்டல் செக்மென்டர்' என்ற வசதி பிரவுசரில் இருக்கிறது, அதை எழுதி முடித்த பிறகு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். 'தமிழ்', 'கோவலன்', 'ஔவையார்' மூன்றும் சரியாக வந்துவிடும். 'ஸ்ரீ' வரும்போது உங்கள் கை நிற்கும். செக்மென்டர் அதை இரண்டு என்று எண்ணும். நீங்கள் அதை ஒன்று என்று எண்ணினீர்களா, இரண்டு என்றா, எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த படியை அங்கிருந்து பேசலாம்.